பழைய வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை மீட்பது: கோளாறைப் பார்த்து வழி

அப்பாவின் கம்ப்யூட்டர் 2005-இல் வாங்கியது. பென்டியம் 4, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. ஏழெட்டு வருடமாக ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு மேஜைக்கடியில் கிடந்தது. போகிக்கு வீடு ஒழிக்கும்போது அம்மா, "இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை; விலகியிருந்த துண்டை மட்டும் சரியாக இழுத்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு நாலு வருடம் உட்கார்ந்து அவர் தட்டிய குலதெய்வக் கோயில் வரலாறு அதற்குள்தான் இருக்கிறது. அக்கா கல்யாணப் போட்டோ, தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ எல்லாமும் அங்கேதான்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஒரு அடாப்டரும் ஒரு பட்டன் பேட்டரியும்தான் செலவு. அப்புறம் சொந்தத்தில் நாலைந்து வீடுகளுக்கும் இதே வேலை பார்த்தாயிற்று. அந்த வீடுகளில் பார்த்த கோளாறுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் மக்கர் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, அதிலிருப்பதை வெளியே எடுப்பது வேறு வேலை. நமக்கு வேண்டியது இரண்டாவது. நண்பர் ஒருவர் "விண்டோஸ் வரமாட்டேங்குது" என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களும் சி டிரைவை ஃபார்மேட் அடித்து, புது விண்டோஸ் போட்டு, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த நாள் முதலான போட்டோ முழுக்க டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கடைக்குப் போனால் "டேட்டா வேணும், விண்டோஸ் வேண்டாம், எதையும் ஃபார்மேட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சீட்டில் எழுதி கேபினெட் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

எங்கே போட்டு வைப்பது?

பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கே 40, 80, 160 ஜிபிதான். அதில் பாதி சினிமாவும் பாட்டுமாக இருக்கும். நிஜமாகக் காப்பாற்ற வேண்டியது பெரும்பாலும் 20, 30 ஜிபியைத் தாண்டாது. நல்ல கம்பெனியின் 64 ஜிபி பென்டிரைவ் இரண்டு போதும். யாராவது லேப்டாப்பில் எஸ்எஸ்டி (புதுவகை வேகமான டிஸ்க்) மாற்றியிருந்தால் கழற்றிய ஹார்ட் டிஸ்க் அவர்கள் வீட்டு டிராயரில் தூங்கும். கேட்டு வாங்கி, யுஎஸ்பி ஒயரோடு வரும் ஒரு டிஸ்க் உறையில் போட்டால் அதுவே எக்ஸ்டர்னல் டிஸ்க்.

வாங்கக் கூடாதது ஒன்று: சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கும் பென்டிரைவ். உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆவதுபோலவே காட்டும், பெயர்களும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக எதை வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதில் மெயிலும் போட்டோவும் சேர்த்தி. அப்பா எழுதிய ஃபைல்கள் மாதிரிச் சின்னவற்றுக்கு அது தாராளம். ஆனால் இரண்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்காத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம், ஆகவே பேக்கப்புக்கென்று தனிக் கணக்கு திறந்து மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி வைப்பது பேக்கப் ஆகாது. அது படத்தைச் சுருக்கிவிடும்.

கோளாறு: பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

யுபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் குத்திப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் சில சமயம் கரண்டையே விடாது. கேபினெட் பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்; வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டு அது அணைந்திருந்ததை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகையைப் பாருங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் சிறு சிறு உருளைகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். குழிப்பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ கெபாசிட்டர் போய்விட்டது. 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருந்தது. மாற்றலாம்தான், ஆனால் எதற்கு? போர்டு செத்தால் டிஸ்க் செத்ததாக அர்த்தமில்லை. டிஸ்க்கைக் கழற்றும் பகுதிக்குப் போங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கோளாறு: ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்கிறது, திரை கறுப்பு

பத்துக்கு எட்டு ராம்தான், மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டை. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் டக் என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறை முயன்றும் வரவில்லையா, விட்டுவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

கோளாறு: தேதி 2002 என்கிறது, எஃப் 1 அழுத்தச் சொல்கிறது

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். பழையதை எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு உள்குத்து இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் எல்லா அமைப்பும் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதில் சாட்டா டிஸ்க்கை (மெல்லிய கேபிள் மாட்டும் புதுவகை) ஐடிஇ முறையில் படிப்பதா, ஏஹெச்சிஐ முறையில் படிப்பதா என்ற அமைப்பும் ஒன்று. விண்டோஸ் ஒரு முறையில் போடப்பட்டு, பயாஸ் இன்னொன்றுக்கு மாறிவிட்டால், விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத்திரை வரும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். பயாஸுக்குள் போய் அந்த ஒரு அமைப்பை மாற்றிப் பாருங்கள். மாமா வீட்டு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இதனாலேயே மூன்று வருடம் 'ரிப்பேர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு மூலையில் இருந்தது.

கோளாறு: விண்டோஸ் பாதியில் நிற்கிறது, மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது

ஆரம்பிக்கும்போதே எஃப் 8 தட்டி சேஃப் மோடில் (அவசியமானதை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் வரும் முறை) ஒருமுறை முயலுங்கள். வந்தால் உடனே காப்பி எடுங்கள். சரியாகிவிட்டதே என்று சந்தோஷத்தில் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். 'டிஸ்க்கைச் சோதிக்கிறேன்' என்று செக்டிஸ்க் தானாக ஆரம்பிக்கப் போனால் உடனே ஏதாவது ஒரு கீயைத் தட்டி நிறுத்துங்கள். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது ஓட ஓட விரட்டும்.

சேஃப் மோடும் வரவில்லையென்றால் லினக்ஸ் பென்டிரைவ். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் தயாரித்துக்கொள்ளலாம். 64 பிட் பிராசஸரும் 2 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட். பென்டியம் காலத்து 32 பிட் என்றால் ஆன்ட்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். பென்டிரைவைக் குத்தி, ஸ்டார்ட் ஆகும்போது எஃப் 12 அல்லது எஃப் 8 அல்லது எஸ்கேப் தட்டினால் எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும். லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும். 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் மினுக்கிக்கொண்டு இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். ஃபைல் மேனேஜரில் பழைய சி, டி டிரைவ்கள் தெரியும். திறந்து, இன்னொரு பென்டிரைவுக்கு இழுத்துப் போட வேண்டியதுதான். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துவிட்டவர்களுக்கும் இதே வழி. பாஸ்வேர்டை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

2004-க்கு முந்தைய போர்டுகள் சில பென்டிரைவிலிருந்து கிளம்பாது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கோளாறு: பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது

சூடு. பிராசஸர் மேலிருக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கில் கம்பளி மாதிரித் தூசி படிந்திருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்தபடியே வைத்து, எதிரே டேபிள் ஃபேனைப் போட்டு ஓட்டுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரம் தாங்கும். அது போதும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுவது

என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் ஓடினாலும்கூட இதுதான் நல்ல வழி. வேகமும் அதிகம், பழைய விண்டோஸின் வைரஸ் தொல்லையும் பாதி குறையும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். முன்பக்கமிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் தகடுதான் பொதுவாகத் திறக்க வேண்டியது. பல்லி முட்டை, கரப்பான் எல்லாம் இருக்கும், பயப்படாதீர்கள். தொடுவதற்கு முன் இரண்டு படம்.

டிஸ்க்கில் மாட்டியிருக்கும் கேபிள் மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையாக இருந்தால் அது ஐடிஇ. விரல் நகம் அளவு மெல்லியதாக இருந்தால் சாட்டா. 2003 வாக்கில்தான் சாட்டா வந்தது. ஆனாலும் அப்பாவின் 2005 கம்ப்யூட்டரில் ஐடிஇதான் இருந்தது, அசெம்பிள் செய்தவர் கையில் இருந்ததைப் போட்டிருப்பார். ஐடிஇயின் பவர் கனெக்டர், மஞ்சள் ஒன்று, கறுப்பு இரண்டு, சிவப்பு ஒன்று என நாலு ஒயரோடு வரும் வெள்ளைக் கட்டை. இருபது வருடம் கழித்து அது சிமென்ட் போட்டதுபோல இறுகியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டையைப் பிடித்து, இடமும் வலமும் அசைத்து அசைத்து எடுங்கள். பட்டை கேபிளை ஒரு பக்கமாக இழுத்தால் ஊசிகள் வளைந்துவிடும். 40 ஊசிக்கான இடத்தில் நடுவே ஒன்று இல்லாமல் 39தான் இருக்கும். உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம், தலைகீழாக மாட்டாமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

உங்கள் புதிய கம்ப்யூட்டரும் டெஸ்க்டாப்தான், பழையது சாட்டா டிஸ்க்தான் என்றால் பைசா செலவில்லை. உள்ளேயே காலியான சாட்டா இடத்தில் மாட்டிவிடலாம். பழைய டிஸ்க்கிலிருந்து கிளம்பிவிடாமல் பயாஸில் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட்தான். எனவே தனிப் பவர் அடாப்டரோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். ஒயர் மட்டும் உள்ள மலிவுச் சரக்கு லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்குத்தான் ஆகும். ஒரே ஒரு நாள் வேலைக்கு வாங்குவானேன் என்றால் தெரிந்த சர்வீஸ் கடையில் கேளுங்கள். "அண்ணா, காலையில் வாங்கிட்டுப் போய் சாயங்காலம் கொடுத்துடறேன்" என்றதற்கு எங்கள் தெருக்கடைக்காரர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார். நான் வாங்கியதே அதற்கப்புறம்தான்.

மாட்டும் வரிசை: முதலில் டிஸ்க்கோடு அடாப்டர், பிறகு பவர், டிஸ்க் உறுமி வேகம் பிடித்ததும் யுஎஸ்பி.

கோளாறு: மாட்டினேன், எதுவும் தெரியவில்லை

கையில் வைத்துப் பாருங்கள். டிஸ்க் சுற்றினால் லேசான அதிர்வு தெரியும். அதிர்வு இல்லையென்றால் பவர் போகவில்லை. அதிர்வு இருந்தும் தெரியவில்லை, டிஸ்க் ஐடிஇ என்றால் ஜம்பர். டிஸ்க்கின் பின்பக்கம், கேபிள் மாட்டும் இடத்துக்கும் பவர் இடத்துக்கும் நடுவே, அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இரண்டு ஊசிகளை மூடியிருக்கும். அதை 'மாஸ்டர்' இடத்துக்கு மாற்ற வேண்டும். படம் டிஸ்க்கின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியாக ஓடும்போது ஜம்பரே கூடாது, எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அப்பாவின் டிஸ்க்கில் என்னை அரை நாள் சுற்றவிட்டது இந்தத் தொப்பிதான்.

80 ஜிபி டிஸ்க் 74.5 என்று காட்டினால் எதுவும் காணாமல் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுகிறார்கள்.

கோளாறு: 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது

கேன்சல். யோசிக்காமல் கேன்சல். 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும், 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கேட்டாலும் அதேதான். முதலில் லினக்ஸ் பென்டிரைவில் திறந்து பாருங்கள். விண்டோஸ் கைவிட்டதை அது பல நேரம் படித்துவிடும். அங்கேயும் வரவில்லையென்றால் டெஸ்ட்டிஸ்க், அதோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக், இரண்டும் இலவசம். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனை (சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்த பகுதி) தேடும். ஃபோட்டோரெக் போட்டோ, வீடியோ, டாக்குமெண்ட் என்று அடையாளம் கண்டு தோண்டி எடுக்கும். ஆனால் ஃபைல்களின் பழைய பெயர் எதுவும் வராது. ஆயிரக்கணக்கில் எண் போட்ட படங்களாக வந்து நிற்கும். அக்கா கல்யாணத்தையும் பக்கத்து வீட்டுக் காதுகுத்தையும் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். எடுப்பதை வேறு டிஸ்க்கில் போடுங்கள், அதே டிஸ்க்கில் போட்டால் புதைந்திருப்பதன் மேலேயே எழுதிவிடும்.

கோளாறு: டிஸ்க் 'டிக்… டிக்…' என்கிறது

முதலில் பவரைச் சந்தேகப்படுங்கள். 2.5 இன்ச் டிஸ்க்கைக் கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பியில் குத்தினால் கரண்ட் போதாமல் இப்படிச் சத்தம் வரும். பின்பக்கம் மாற்றுங்கள், அல்லது இரண்டு யுஎஸ்பியில் குத்தும் இரட்டைக் கேபிள் போடுங்கள்.

பவர் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை பார்க்கலாமே என்று போடும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயுள்ள தட்டில் கீறல் விழலாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நம் ஊர்க் காற்றுக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான் பலன். இந்த நிலையில் எடுத்துத் தருவது டேட்டா மீட்புக் கூடத்தின் வேலை, ஆயிரங்களில் ஆகும். குடும்பத்தில் எல்லோரும் பங்கு போடும் அளவுக்கு உள்ளே இருப்பது பெறுமா என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதுவரை டிஸ்க்கை அப்படியே வைத்திருக்கலாம். சும்மா இருக்கும் டிஸ்க் மோசமாவது ரொம்ப மெதுவாகத்தான்.

கோளாறு: காப்பி பாதியில் நின்று 'சைக்ளிக் ரிடன்டன்சி' என்று ஏதோ சொல்கிறது

டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுவிட்டன. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் காட்டும். 05, சி5 என்ற வரிகளில் எண் ஏறியிருக்கும். இங்கேதான் எதை முதலில் எடுப்பது என்ற வரிசை உயிர். வேறெங்கும் கிடைக்காததும் அளவில் சின்னதும் முதலில்: எழுதியவை, ஸ்கேன் செய்த பத்திரங்கள். அடுத்து போட்டோ. பிறகு வீட்டு வீடியோ. அப்பாவின் டிஸ்க்கில் 'புதிய பாடல்கள் 2006' என்று 11 ஜிபிக்கு ஒரு ஃபோல்டர். அதைத் தொடவே இல்லை.

ஒட்டுமொத்த ஃபோல்டரை இழுத்துப் போட்டால் ஒரு ஃபைல் கெட்டிருந்தாலும் விண்டோஸ் அங்கேயே மூச்சு வாங்கும். டெராகாப்பி என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் கெட்டதைத் தாண்டிப் போய், எதெல்லாம் விட்டுப்போயிற்று என்று கடைசியில் பட்டியல் தரும். கெட்ட இடம் நிறைய என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். அது ஃபைல் ஃபைலாகப் பார்க்காது, டிஸ்க்கையே அப்படியே ஒரு பெரிய பிம்பமாக எடுக்கும். முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் வேகமாக அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய டிஸ்க் எவ்வளவோ அவ்வளவு காலி இடம் தேவை. பிம்பம் கிடைத்ததும் ஃபோட்டோரெக் வித்தையெல்லாம் அதன் மேல்தான், பழைய டிஸ்க் ஓய்வெடுக்கட்டும்.

கோளாறு: 'அனுமதி இல்லை'

பழைய விண்டோஸ் யூசரின் ஃபோல்டரைத் திறக்கும்போது வரும். 'கன்டினியூ' கொடுத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திறக்கும். பெரிய ஃபோல்டர் என்றால் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் ஃபைல் பெயர்கள் பச்சை எழுத்தில் இருந்தால் அது வேறு: அவை விண்டோஸே பூட்டு போட்டவை. பழைய விண்டோஸில் பழைய பாஸ்வேர்டோடு நுழைந்தால்தான் திறக்கும். அந்த எக்ஸ்பியின் பாஸ்வேர்டை யாராவது வெளியிலிருந்து அழித்து மாற்றினால் இந்த ஃபைல்கள் நிரந்தரமாகப் போய்விடும். அதனால்தான் பாஸ்வேர்டை உடைக்க வேண்டாம் என்றேன்.

கோளாறு: காப்பி நத்தை வேகம்

யுஎஸ்பி 2.0 நிஜத்தில் நொடிக்கு 30 எம்பி கொடுக்கும். 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரம். யுஎஸ்பி 1.1 என்றால் நொடிக்கு 1 எம்பி, அதே 80 ஜிபிக்கு 22 மணி நேரம். பழைய கம்ப்யூட்டரிலேயே காப்பி எடுக்கிறீர்கள், 'இதைவிட வேகமான சாதனம்' என்று எக்ஸ்பி மூலையில் முணுமுணுத்தால் 1.1-இல் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

ஒரே ஒரு பெரிய வீடியோ மட்டும் 'இடம் போதவில்லை' என்று மறுத்தால் பென்டிரைவ் ஃபேட் 32-இல் (ஃபைல்களை அடுக்கும் பழைய முறை) இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. காலி பென்டிரைவை என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் ஃபார்மேட் செய்துகொண்டால் எக்ஸ்பியும் படிக்கும், புதியதும் படிக்கும்.

கோளாறு: எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிட்டது

பிரவுசிங் சென்டர் காலத்து நோய். வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்துவிடும். போட்டோ எதுவும் போகவில்லை. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள். லினக்ஸில் திறந்தால் ஒளிந்த ஃபோல்டர்கள் சாதாரணமாகத் தெரியும். டாக்குமெண்ட், படம், வீடியோ மட்டும் எடுங்கள். புரோகிராம் ஃபைல்கள், ஷார்ட்கட்கள், 'ஆட்டோரன்' என்று தொடங்குவது எதுவும் வேண்டாம்.

கோளாறு: தமிழில் அடித்ததெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கண்டுபிடிப்பார்கள், பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்ட பிறகு.

அப்பாவின் கோயில் வரலாறு ஒரு சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. புதிய லேப்டாப்பில் திறந்தால் 212 பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பை. அப்பா முகம் செத்துவிட்டது. ஃபைலில் ஒரு குறையும் இல்லை. அவர் அடித்தது பாமினி எழுத்துருவில். யூனிகோடு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறை) பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் என்பது அ, கே என்பது ம, அரைப்புள்ளி மெய்யின் புள்ளி, எச் என்பது கால். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத இடத்தில் கிறுக்கல்.

ஆகவே ஃபைலோடு எழுத்துருவையும் எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று இருக்கும், அதை முழுசாக ஒரு காப்பி. வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப், திஸ்கி என்று எதில் அடித்திருந்தாலும் இதே கதை. எது என்று தெரியவில்லையா? வேர்டில் அந்தக் கிறுக்கலை மவுஸால் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும்.

நிரந்தரத் தீர்வு, யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம், பாமினி உட்படப் பல குறிமுறைகளை மாற்றித் தரும். மாற்றும்போது நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ் என்று நினைத்து மாற்றப்பட்டு, வாயில் நுழையாத ஏதோ ஒன்றாகிவிடும். அப்பாவின் கட்டுரையில் கல்வெட்டு எண்களோடு இருந்த ஆங்கிலக் குறிப்புகளெல்லாம் அப்படித்தான் ஆயின. நானும் அவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்தினோம். மூல ஃபைலை அழிக்காமல், மாற்றியதைத் தனிப் பெயரில் சேமித்ததால்தான் எது என்னவென்று ஒப்பிட முடிந்தது. பேஜ்மேக்கரில் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகை, மலர் போன்றவை இருந்தால் லிப்ரே ஆபிஸின் டிரா அவற்றை ஓரளவு திறக்கும்.

கோளாறு: ஏதோ ஒன்று வரவில்லை, எது என்று தெரியவில்லை

எக்ஸ்பி என்றால் சி டிரைவில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', விண்டோஸ் 7 என்றால் 'யூசர்ஸ்'. அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பெயரில் ஃபோல்டர் இருக்கும். எல்லாப் பெயரையும் திறந்து பாருங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மெயில் பார்த்தவர்களின் கடிதங்கள், 'லோக்கல் செட்டிங்ஸ்' என்ற மறைவான ஃபோல்டருக்குள், 'அப்ளிகேஷன் டேட்டா', அதற்குள் 'ஐடென்டிட்டிஸ்' என்ற இடத்தில் கிடக்கும். டி, இ டிரைவ்களில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்று பெயர் வைத்தவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் வீடியோ 'நியூ ஃபோல்டர் 3'-இல்தான் இருந்தது, நோக்கியா போனில் எடுத்தது. அந்தக் கால வீடியோ எதையும் வி.எல்.சி ஓட்டிவிடும்.

கல்யாண டிவிடி படிக்கவில்லையென்றால் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். ஒரு டிரைவில் வராதது இன்னொரு டிரைவில் வரும். வந்ததும் உள்ளேயுள்ள ஃபோல்டர்களை அப்படியே டிஸ்க்குக்கு இழுத்துவிடுங்கள்.

எல்லாம் வந்துவிட்டதா?

பழைய ஃபோல்டரையும் புதியதையும் பிராப்பர்ட்டீஸில் திறந்து ஃபைல்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறும், அதை விடுங்கள். எண்ணிக்கையும் 'சைஸ்' வரியும் ஒத்துப்போக வேண்டும். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக முப்பது ஃபைல் திறந்து பாருங்கள், வீடியோ என்றால் கடைசி நிமிடம் வரை இழுத்துப் பாருங்கள். இரண்டாவது காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். எங்களுடையது அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

கேபினெட்டையும் மானிட்டரையும் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கலாம், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு. ஃபார்மேட் அடித்துக் கொடுத்தாலும் ஃபோட்டோரெக் தெரிந்த யாரும் உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துவிடலாம் என்பது இவ்வளவு படித்த உங்களுக்கே தெரியும். டிஸ்க்கின் மேல் ஒரு பேப்பர் ஒட்டி, யாருடையது, எந்த வருடத்தது, ஜம்பர் எங்கே இருந்தது என்று எழுதிப் பெட்டியில் போடுங்கள். அப்பாவின் டிஸ்க்கில் ஒட்டிய பேப்பரில் அவர் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'எழுத்துரு பாமினி'.